மண்புழு மூட்டை

இலுப்பூரைத் தாண்டியதும் டயர் பஞ்சராகிப் பேருந்து நிற்கிறது. சாலையோர வயலில், கீற்றுக் கொட்டகைக்குள் குனிந்து ஒரு பெண் மண்புழு உரத்தைச் சாக்கில் அள்ளிக்கொண்டிருக்கிறார். பெயர் செல்வி. தண்ணீர் கேட்டதும் குடத்தைச் சாய்த்து ஊற்றுகிறார்.

"உரம் விக்கிறதுக்கா?" என்கிறேன்.

"இல்லைங்க, காலி பண்றேன். இது குத்தகை நெலம். வந்தப்ப புல்லுகூட மொளைக்கல. இயற்கை விவசாயப் பயிற்சிக்குப் போயி, கத்துக்கிட்டு வந்து, மூணு வருஷமா மண்ணச் சரி பண்ணுனேன். இந்தத் தடவ கத்திரி கொத்துக் கொத்தாக் காய்ச்சுச்சு. நெலத்துக்காரரு வந்து பாத்தாரு. 'இனி நாங்களே பாத்துக்கிறோம், விட்டுரும்மா'ன்னுட்டாரு."

"இதையெல்லாம் எங்கே கொண்டு போறீங்க?"

"வீட்டுக்குத்தான். அங்கிட்டு ஒரு செடி வைக்கக்கூட எடமில்ல. ஆனா இதையும் அவருக்கு விட்டுட்டுப் போக மனசு வரலைங்க."

நடத்துநர் கூப்பிடுகிறார். நான் திரும்பும்போது செல்வி சொல்கிறார்.

"நாளைக்குப் பயிற்சியில என்னையப் பேசக் கூப்பிட்டிருக்காங்க. மண்ண எப்புடித் தேத்துறதுன்னு புதுசா வர்ற பொம்பளைங்களுக்குச் சொல்லணுமாம். அடுத்தவங்க நெலத்துல செய்யாதீங்கன்னு சொல்லவா? அவங்கள்ல யாருக்குங்க சொந்த நெலம் இருக்கு?"

அவர் சாக்கின் வாயை இறுக்கிக் கட்டுகிறார்.