அரைத் தொட்டித் தண்ணீர்

எண்பத்து மூன்றாம் வருடக் கோடையில் மலை ஓடைகள் வற்றிவிட்டன. ஏலத்தோட்டங்களுக்கு வாரம் ஒருமுறை போகும் மருத்துவ வண்டியை ஓட்டியவர் போடி உதுமான். பழைய லாரியின் முதுகில் பலகை அறை கட்டிய வண்டி அது. உள்ளே ஒரு கட்டில், ஒரு அலமாரி, கை கழுவ ஒரு பேசின். கழுவிய நீர் அடியில் ஒரு டிரம்மில் சேரும். நல்ல தண்ணீர் கூரைமேல் இரும்புத் தொட்டியில் இருக்கும். தொட்டியைப் பற்றவைத்தவர்கள் உள்ளே தடுப்புத் தகடு வைக்கவில்லை. நிறைந்திருந்தால் தண்ணீர் அசையாது; காலியென்றால் அசைய ஒன்றுமில்லை; பாதி இருந்தால்தான் வம்பு. அதனால் மிச்சத் தண்ணீரை மேலேயே லயக் குடியிருப்புப் பெண்களின் குடங்களில் ஊற்றிவிட்டுத்தான் இறங்குவார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மட்டும் ஊற்றவில்லை. காலையில் ஏறும்போது மலைச்சாலையின் கீழ்வளைவில், அங்கே குடியிருக்கும் பாண்டியம்மாள் குடத்தோடு வண்டியை மறித்திருந்தாள்.

"மேல உள்ளவுகளுக்குத்தான் தண்ணியா பாய்? நாங்க என்ன தாகமில்லாத பொறப்பா?"

"இறங்கையில தர்றேன் ஆத்தா. மிச்சம் பூரா உங்களுக்குத்தான்."

மெதுவாக இறங்கினால் போதும் என்று நினைத்துக்கொண்டார்.

மேலே மருத்துவ முகாம் முடியும் நேரத்தில் நிறைமாதக் கர்ப்பிணி சுருளியம்மாளைக் கம்பளியில் தூக்கிவந்தார்கள். நர்ஸ் ஜக்கம்மாள் தொட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "பிள்ள குறுக்க கெடக்கு. வெரசா போடிக்கு விடுங்கண்ணே."

முதல் வளைவில் ஸ்டியரிங்கை ஒடித்தார். வண்டி திரும்பியது, தண்ணீர் திரும்பவில்லை. கூரைமேல் மோதிய சத்தம் கேட்டது. அறை பள்ளத்துப் பக்கம் சாய்ந்து, யோசித்து நிமிர்ந்தது. ஒவ்வொரு குழியும் அந்த ஆட்டத்தை மறுபடி கிளப்பியது. பிரேக்கை மிதித்தால் தண்ணீர் முன்னால் வந்து தள்ளியது. இரண்டாவது வளைவில் உள்பக்கப் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பியது அவர் முதுகுக்குத் தெரிந்தது.

நிறுத்தினார். சக்கரத்துக்குக் கல் கொடுத்துவிட்டு ஏணியில் ஏறினார். நேர் கீழே, கீழ்வளைவு ஓரத்தில் குடங்கள் வரிசையாக இருந்தன. குழாயில் வைத்த கை அப்படியே நின்றது.

"என்னண்ணே நிப்பாட்டிட்டீக?" உள்ளிருந்து ஜக்கம்மாள் கேட்டார்.

"மேல்பாரத்த இறக்குறேன் தாயி."

உள்ளே சுருளியம்மாள் கத்தினாள். உதுமான் குழாயைத் திறந்தார். அடி டிரம்மைத் தொடவில்லை. கீழே கிடக்கிற பாரம் வண்டியைப் பிடித்துவைக்கும். தொட்டி வடிய ஏழு நிமிடம். அந்த ஏழு நிமிடமும் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளிருந்து வந்த சத்தம் குறைந்தபோது அதிகம் பயந்தார்.

பிறகு வண்டி சொன்னபடி கேட்டது.

கீழ்வளைவில் பெண்கள் சாலையோர வாய்க்காலில் குந்தி, வழிந்துவந்த செம்மண் தண்ணீரைச் சிரட்டையால் மொண்டுகொண்டிருந்தார்கள். பாண்டியம்மாள் எழுந்து நடுவழியில் நின்றாள்.

"மேலருந்து ஊத்துனது நீங்கதானா பாய்? ரோட்டுக்கா தாகம்?"

அவர் பதில் சொல்லுமுன் அறைக்குள் சுருளியம்மாள் மறுபடி அலறினாள். பாண்டியம்மாள் ஒரு கணம் அறையைப் பார்த்தாள். சக்கரத்தின் முன்னால் இருந்த குடத்தைக் காலால் ஒதுக்கினாள்.

"போம்யா."

அன்று மாலை போடி ஆஸ்பத்திரியில் பிள்ளையை உயிரோடு எடுத்தார்கள். தாயும் பிழைத்தாள். உதுமான் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்.

அடுத்த செவ்வாய் விடியுமுன் நிறைந்த தொட்டியோடு கீழ்வளைவு வரை தனியாக ஏறினார். குடங்களை நிரப்பித் தொட்டியைக் காலியாக்கினார். போடிக்குத் திரும்பி, மறுபடி நிரப்பிக்கொண்டு முகாமுக்குப் போனார். மழை வரும்வரை எல்லாச் செவ்வாயும் அப்படித்தான்.

அப்படி வந்த முதல் செவ்வாயன்று பாண்டியம்மாள் ஒரு வாய் குடித்துப் பார்த்தாள்.

"இதுல மண்ணு ருசியே இல்லையே பாய்" என்றாள்.