மூன்றாவது ஹாரன்

போன வருஷம் ஆடி மாசம், போடிமெட்டைத் தாண்டி இடுக்கிப் பக்கம் இறங்கும் ஒரு ஏலத்தோட்டத்துச் சாலையில் நடந்தது இது. ஆனால் அதைச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் கனடாவுக்குப் போய்விட்டுத்தான் வர வேண்டும்.

எனக்குச் சொந்த ஊர் பாலக்காட்டுக்குக் கிழக்கே, கோவிந்தாபுரம் பக்கம். தென்னந்தோப்பில் வளர்ந்த நான் மேல்படிப்புக்குக் கனடா போனேன். அங்கே எனக்குக் கிடைத்த அறைத்தோழி இடுக்கியில் எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டில் வளர்ந்தவள். இரண்டு பேரும் கேரளத்துத் தமிழச்சிகள்தான், ஆனாலும் நான் "போலாமுங்க" என்றால் அவள் சிரிப்பாள். அவள் "அவுக, இவுக" என்றால் நான் சிரிப்பேன்.

வாரம் முழுக்க வகுப்பு, மிச்ச நேரத்தில் கடையில் வேலை. சனிக்கிழமை விடிந்தால் போதும், வாடகைக்கு ஒரு காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவோம். எங்கே போகிறோம் என்பதெல்லாம் பெரிய விஷயமே இல்லை. ஏரி, காடு, பேர் தெரியாத சின்ன ஊர். டப்பாவில் தயிர் சாதம், தொட்டுக்கொள்ள ஊறுகாய். பெரும்பாலும் அவள்தான் ஓட்டுவாள், அவள் அப்பா ஜீப் டிரைவர் என்பதால் வண்டி அவள் கை சொன்னபடி கேட்கும்.

அவளிடம் ஒரு விசித்திரமான பழக்கம் இருந்தது. பனிமூட்டம் வந்துவிட்டால் பாட்டை நிறுத்துவாள். அந்தக் குளிரிலும் கண்ணாடியை இறக்குவாள். வளைவு வந்தால் வண்டியை நிறுத்தி ஹாரன் அடித்துவிட்டுக் காது கொடுத்துக் கேட்பாள். அந்த நாட்டில் ஹாரன் அடிப்பது நடுரோட்டில் கெட்ட வார்த்தை பேசுவதற்குச் சமம். ஒருமுறை ஏரிக்கரை ரோட்டில் அவள் இப்படி அடித்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது, "உனக்கு என்ன பைத்தியமா?" என்று கேட்டே விட்டேன்.

"எங்க ஊர் மஞ்சு மூட்டத்துல கண்ணு வேலைக்கு ஆகாதுடீ. வளைவுல ஹாரன் அடிச்சுட்டு நிக்கணும். எதுக்க இருந்து பதில் ஹாரன் வந்துச்சுன்னா அசையவே கூடாது, அந்த வண்டி நம்மளத் தாண்டிப் போற வரைக்கும். பதில் குடுத்தவுக வந்தே தீருவாக. எங்கப்பா சொல்லிக் குடுத்தது."

அன்று ஏரிக்கரையில் பதில் எதுவும் வரவில்லை. வெள்ளையாக ஒன்றுமே தெரியாத அந்த வெளியைப் பார்த்துக்கொண்டிருந்ததில் எனக்கு என்னவோ போலாகிவிட்டது. இனிமேல் இப்படியெல்லாம் செய்யாதே என்று சண்டைகூடப் போட்டேன்.

அந்த வருஷம் லீவில் நான் மட்டும் ஊருக்கு வந்தேன். அவளுக்கு வேலையில் லீவு கிடைக்கவில்லை. அப்பாவுக்கு என்று ஒரு தடிமனான குளிர் ஜாக்கெட் வாங்கி என் பெட்டியில் திணித்துவிட்டாள். "நீயே நேர்ல போய்க் குடு, அப்பா போட்டுக்கிட்டு நிக்கிறத போட்டோ எடுத்து அனுப்பு" என்றாள். அம்மா இல்லாத பெண் அவள். அவளுக்கு இருக்கிற ஒரே ஆள் அந்த அப்பாதான்.

ஒரு சனிக்கிழமை விடிய, எங்கள் அண்ணனின் காரில் நானும் அவனும் கிளம்பினோம். டிக்கியில் அவருக்காக ஒரு மூட்டைத் தேங்காய், அதைக் கட்டத் தடித்த கயிறு. நான்தான் ஓட்டினேன். கனடாப் பழக்கத்தில் வண்டி அடிக்கடி ரோட்டின் வலது பக்கம் போக, பொள்ளாச்சி தாண்டும்வரை அண்ணன் சாமி பேராகச் சொல்லிக்கொண்டே வந்தான். தோப்பில் பாம்பைப் பார்த்தால் வாலைப் பிடித்து வீசுகிற ஆள், நான் ஓட்டினால் மட்டும் உயிரைக் கையில் பிடித்துக்கொள்வான்.

போடியில் சுள்ளென்று வெயில். மலையேறி மெட்டைத் தொட்டதும் யாரோ போர்வையைப் போட்டு மூடிய மாதிரி மூட்டம். மணி நாலுகூட ஆகவில்லை. செக்போஸ்டில் டீ குடித்துவிட்டுத் தோழியின் அப்பாவுக்குப் போன் போட்டால் சிக்னல் இல்லை. வழி முன்னாடியே சொல்லியிருந்தார். மெயின் ரோட்டிலிருந்து எஸ்டேட் ரோட்டில் திரும்பி நேராகப் போனால் லைன் வீடுகள். திரும்பினோம்.

ஒரு வண்டி மட்டும் போகிற அகலம். ஒரு பக்கம் மண்மேடு, இன்னொரு பக்கம் ஏலச்செடிகள், அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. வண்டியின் மூக்கே சரியாகத் தெரியாத மூட்டம். முதல் வளைவு வந்ததும் எனக்கு அவள் ஞாபகம் வந்தது. கண்ணாடியை இறக்கினேன், ஹாரன் அடித்தேன்.

பதில் வந்தது. கரகரவென்று கிழட்டு ஹாரன். ரொம்பப் பக்கத்தில்.

"பாத்தியாண்ணா? வண்டி வருது" என்று எனக்கு ஒரே பெருமை. ஓரம் கட்டி நின்றேன். வண்டி வரவில்லை. ஈரத்தில் இலைகள் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. எஞ்சின் சத்தம் இல்லை, லைட் வெளிச்சம் இல்லை. அவர்களும் நமக்காக நிற்கிறார்களோ என்று மறுபடி அடித்தேன். மறுபடி பதில், அதே தூரத்தில். இந்த முறை கொஞ்சம் இழுத்து, பாதியில் நின்றுபோனது.

வருகிற வண்டியின் ஹாரன் நெருங்க வேண்டும், போகிற வண்டி என்றால் தேய வேண்டும். இது இரண்டும் இல்லாமல் நின்ற இடத்திலேயே நின்று எங்களைக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது.

அண்ணன் கண்ணாடியை ஏற்றினான். "ஏனம்மிணி, இது எனக்குச் சரியாப் படுல. ரெண்டு தடவ பதில் வந்துதல்லோ, அப்பறம் வண்டி எங்க? ரிவர்ஸ் எடு. மெட்டுக்கே போயிரலாம்."

உண்மையைச் சொன்னால் எனக்கும் போய்விடத்தான் தோன்றியது. ரிவர்ஸ் கியரும் போட்டுவிட்டேன். அப்போதுதான் அவள் சொன்னது உள்ளே தைத்தது. பதில் கொடுத்தவர்கள் வந்தே தீருவார்கள். வரவில்லை என்றால்?

"சித்த இருண்ணா. இன்னொருக்கா அடிச்சுப் பாக்கறேன்."

அடித்தேன். ஒன்றுமில்லை. பிரேக்கிலிருந்து காலை எடுக்கப் போகிற நேரத்தில் மூன்றாவது ஹாரன் கேட்டது. இழுவை இல்லாமல், நடுக்கம் இல்லாமல், நீளமாக ஒன்று. அது எதிரிலிருந்து வரவில்லை, கீழேயிருந்து வந்தது.

கதவைத் திறந்து இறங்கி ஓடினேன். அண்ணன் திட்டிக்கொண்டே பின்னால் வந்தான். வளைவில் சாலையின் விளிம்பு இடிந்திருந்தது. செடிகள் நசுங்கிய தடம் கீழே போனது. டீசல் வாடை. போன் வெளிச்சத்தில் கொஞ்ச தூரத்தில் ஒரு ஜீப், மரத்தில் சாய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே ஒருவர் டிரைவர் சீட்டிலிருந்து பக்கத்து சீட்டுக்குச் சரிந்து, நினைவில்லாமல் கிடந்தார். கால் மட்டும் சிக்கியிருந்தது. முகத்தை வீடியோ காலில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். என் தோழியின் அப்பா.

அதற்குப் பிறகு எல்லாம் கலங்கலாகத்தான் ஞாபகம் இருக்கிறது. தேங்காய்க் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு அண்ணன் இறங்கினான். நான் அலறிக்கொண்டே லைன் வீடுகளை நோக்கி ஓடினேன். அங்கே வேலை முடிந்து போடிக்குத் திரும்ப ஜீப்புக்காகக் காத்திருந்த ஆட்கள் பதறி ஓடி வந்தார்கள். மூட்டம் இறங்கியதும் நாங்கள் வழி தவறிவிடுவோம் என்று மெயின் ரோட்டு முக்கு வரைக்கும் எங்களைக் கூட்டிவரக் கிளம்பியிருக்கிறார் மனிதர். அவரை மேலே தூக்கி எங்கள் காரின் பின்சீட்டில் கிடத்தினோம். உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. பார்சலைக் கிழித்து மகள் அனுப்பிய ஜாக்கெட்டை மேலே போர்த்தினேன்.

போடி ஆஸ்பத்திரிக்கு மலை இறங்க வேண்டும். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஹாரன் அடித்தேன், பதில் வந்தால் நின்றேன். உயிர் போகிற அவசரத்தில் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத்தான் தெரியும். ஒரு வளைவில் ஹாரன் அடித்ததும் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"பதில் வந்துச்சா தாயி?"

கண் திறந்திருந்தார்.

கால் எலும்பு முறிந்திருந்தது, நிறைய ரத்தம் போயிருந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். மறுநாள் கனடாவுக்கு வீடியோ கால் போட்டுக் காட்டினேன். அவள் அழுதாள், அவர் சிரித்தார். ஜாக்கெட் கட்டில் தலைமாட்டில் தொங்கியது.

"உன் சிநேகிதி ஹாரன் கேட்டுச்சு. எப்படியோ எக்கி ரெண்டு தடவ பதில் குடுத்தேன். அதுக்கு மேல முடியல, சரிஞ்சுட்டேன். கண்ணு இருட்டிருச்சு. போயிருவாகன்னுதான் நெனச்சேன் தாயி" என்றார் மகளிடம்.

நானும் அண்ணனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஸ்டியரிங்குக்கு எட்டாத தூரத்தில் அவர் கிடந்தது இரண்டு பேருக்குமே ஞாபகம் வந்தது. அவள் அப்பா மூன்றாவதைப் பற்றிப் பேசவே இல்லை. நாங்களும் கேட்கவில்லை.

"நம்ம சத்தந்தான் மலையில மோதித் திரும்பியிருக்கும்" என்கிறான் அண்ணன் இன்றைக்கும். எங்கள் கார் ஹாரன் கீச்சென்று கத்தும், நாங்கள் கேட்டது கரகரப்பான ஜீப் ஹாரன் என்று சொன்னால் பேச்சை மாற்றிவிடுகிறான். சமவெளியில், தோப்பு வாசலில் திரும்பும்போதுகூட இப்போது ஹாரன் அடித்துவிட்டு நிற்கிறான். கேட்டால் மாட்டைப் பார்த்தேன் என்பான்.

நான் கனடா திரும்பிவிட்டேன். அவள் அப்பா கம்பு ஊன்றி நடக்கிறார். சனிக்கிழமைப் பயணங்கள் தொடர்கின்றன. மூட்டம் வந்தால் அவள் சொல்வதற்கு முன்பே நான் பாட்டை நிறுத்திவிடுகிறேன். அந்த வெறும் சாலையில் ஹாரன் அடித்துவிட்டு இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கிறோம். பதில் வந்துவிடுமோ என்று எனக்கு இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது, ஆனால் வந்தால், பதில் கொடுத்தவர் யாராக இருந்தாலும் அவரைப் பார்க்காமல் நான் வண்டியைத் திருப்ப மாட்டேன்.