இருக்கக் கூடாத கோடு

ஆய்வகத்தில் எல்லோரும் அவரை எலியம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். பேராசிரியர் பட்டம் வருவதற்கு முன்பே வந்துவிட்ட பெயர். உடம்பின் நோய் எதிர்ப்பு சக்தி ஏன் சிலருக்குச் சொந்த மூட்டுகளையே தாக்குகிறது என்று பதினோரு வருடம் எலிகளை வைத்து ஆராய்ந்தவர். குறிப்பிட்ட ஒரு மரபணு இல்லாத எலிகளுக்கு மூட்டு வீங்குவதில்லை என்று அவர் எழுதிய கட்டுரைதான் அவரைத் தூக்கிவிட்டது. அந்த மரபணுவை அடக்க ஒரு மருந்தே தயாராகி, வரும் திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் முதல் நோயாளிக்கு ஊசி போட இருந்தார்கள்.

வியாழக்கிழமை காலை உறைபெட்டியைக் காலி செய்யும்போது, அந்தப் பழைய எலிகளின் வால்நுனித் துண்டுகள் கிடைத்தன. தூக்கிப்போடுமுன் சும்மா ஒரு தரம் சோதித்தார். மரபணு இருந்தால் சோதனைப் படத்தில் ஒரு கோடு விழும், இல்லையென்றால் அந்த இடம் வெறுமையாக இருக்கவேண்டும். அங்கே ஒரு கோடு தெரிந்தது.

மறுபடி செய்தார். கோடு. மூன்றாம் தரமும் கோடு. என்றோ யாரோ எலிக் கூண்டுகளின் அடையாளச் சீட்டை மாற்றி மாட்டியிருக்கிறார்கள், ஒருவேளை அவரேதான். கதவைத் தாழிட்டுக்கொண்டார். வெளியே செருப்புச் சத்தம் கேட்டால்கூட படத்தைக் கவிழ்த்து வைத்தார். படத்தைக் கிழித்துவிட்டால் யாருக்கும் தெரியாது என்று ஒரு நினைப்பு வந்தது. அதுதான் அவரை அதிகம் பயமுறுத்தியது.

அவர் கணவர் லிஃப்ட் மெக்கானிக். அவருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னார்.

"மருந்து கெடுதல் பண்ணுமா?" என்று கேட்டார் அவர்.

"தெரியலையே. அதாங்க பயமா இருக்கு. என் வேலையும் போயிடும்."

"கயித்துமேல சந்தேகம் வந்தா நான் மொதல்ல லிஃப்ட்ட நிறுத்திடுவேன். உள்ள இருக்கறவங்க திட்டுவாங்க. திட்டட்டும்."

அடுத்து ஆஸ்பத்திரி டாக்டரைக் கூப்பிட்டார். நம்பரை இரண்டு தரம் தப்பாக அழுத்தினார்.

"திங்கட்கிழமை ஊசி வேண்டாம் டாக்டர். நான் சோதிச்சது தப்பான எலிங்க."

"மொத ஊசி போட்டுக்க வேண்டிய அம்மா பெட்டியோட வந்து அட்மிட்டே ஆயிட்டாங்க. இப்பவா சொல்றீங்க?"

"இப்பத்தான் எனக்கே தெரியும்."

ஊசி நின்றது. கட்டுரையைத் திரும்பப் பெற்றார். எட்டு மாதம் விசாரணை. ஒவ்வொரு அழைப்புக்கும் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டே படியேறினார். மோசடி இல்லை, கவனக்குறைவு என்றது குழு. கிடைக்கவிருந்த துறைத்தலைவர் பதவி கைநழுவியது. கூட வேலை பார்த்தவர்கள் காணாததுபோல் போனார்கள்.

சரியான எலிகளோடு எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தார். நாலு வருடம் ஆனது. மரபணு இல்லாத எலிகளுக்கு வீக்கம் குறையவில்லை, இரண்டு மடங்கானது. அந்த மருந்து நோயாளியின் வீக்கத்தையும் கூட்டியிருக்கும்.

முடிவைப் படித்த டாக்டர் நேரிலேயே வந்தார்.

"அன்னைக்கு ஊசி போடாம விட்ட அந்த அம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்டார் எலியம்மா.

"வலி இருக்கு. ஆனா நடக்கறாங்க."

எலியம்மா பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.