பூட்டிவிட்டு ஓடியவர்

என் அக்கா வீட்டுக்காரருக்குச் சாவி செய்வது தொழில். பக்கத்துக் கடையில் எனக்குத் தையல். எதைப் பூட்டினாலும் இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பார் அத்தான். கட்டின பெண்டாட்டியை நம்பினாலும் பூட்டை நம்ப மாட்டார் என்று அக்கா கேலி செய்வாள்.

போலீஸ் வேலையை விட்டுத் துப்பறியும் நிறுவனம் நடத்தும் ஒருவர் அடிக்கடி வருவார். வாடிக்கையாளர் கார்ச் சாவியைத் தொலைத்துவிட்டார் என்பார். அத்தானும் போய்த் திறந்து கொடுப்பார். நமக்கெதுக்கு ஊர் வம்பு என்பது அவர் கொள்கை. வம்பு வீடு தேடி வந்தது.

ஒருநாள் காலையில் அத்தான் திறந்த நீலக் கார் மாலைச் செய்தியில் வந்தது. இருக்கைக்கு அடியில் போதைப் பொட்டலமாம். இன்ஸ்பெக்டர் எடுத்துக் காட்டுகிறார். கார்க்காரரான பள்ளி வாத்தியார் பேயறைந்தது போல் நிற்கிறார். விவாகரத்து வழக்கில் மகள் தன்னிடமே இருக்க வேண்டும் என்று அவர் மனைவிதான் துப்பறிவாளரை அமர்த்தியிருந்தாள் என்பது பின்னால் தெரிந்தது.

அத்தானுக்குச் சோறு இறங்கவில்லை. முதலில் வக்கீலைப் பார்ப்போம் என்று தலைபாடாய் அடித்துக்கொண்டேன். தப்பு நடந்தால் ஸ்டேஷனில்தான் சொல்ல வேண்டும் என்று கிளம்பிவிட்டார். பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த மனுஷன்.

இன்ஸ்பெக்டர் உட்காரவைத்து முழுக்கக் கேட்டாராம். பக்கத்து நாற்காலியில் துப்பறிவாளர் டீ குடித்துக்கொண்டிருந்தாராம். பிறகு அத்தானை ஜீப்பில் ஏற்றிக் கடைக்கே கொண்டுவந்தார்கள். ஒருவன் கேமராவைத் தூக்கினான்.

"கொஞ்சம் ஓடுங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

அத்தானுக்கு மூட்டுவலி. திறந்து கிடந்த கடையைப் பூட்டினார், இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார், அப்புறம் நொண்டி நொண்டி ஓடினார். படம் சரியாக வரவில்லை என்று மறுபடியும் ஓடவிட்டார்கள். குறுக்கே போன என்னை ஒரு கான்ஸ்டபிள் கழுத்தைப் பிடித்துத் தள்ளினார்.

செய்தியில் காட்டிய படம் ஓட்டத்திலிருந்துதான் தொடங்கியது. பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத் தப்பியோடுகிறவன் உலகத்தில் உண்டா என்று வக்கீலிடம் கத்தினேன். மச்சினன் சாட்சி எடுபடாது என்றார் அவர்.

சிறையில் அத்தானைப் பார்க்கப் போனேன். முகம் வீங்கியிருந்தது. தன் வழக்கைப் பற்றி அவர் ஒன்றுமே கேட்கவில்லை.

"நான் போய்ச் சொன்னதுல வாத்தியாரை விட்டுட்டாங்கல்ல?"

பொய் சொல்லித் தொலைத்திருக்கலாம். வயிற்றெரிச்சலில் வாய் முந்திக்கொண்டது.

"உங்களைக் காட்டித்தான், அத்தான், அவரை உள்ள வச்சிருக்காங்க. அவருக்குச் சரக்குக் கொடுத்ததே நீங்கதானாம்."