மத்தியாஸ் அண்ணனின் வல்லாரை

செமோரில் பழைய ரப்பர் தோட்டத்து நிலத்தில் இருக்கும் லாயத்தில் மத்தியாஸ் அண்ணன் பதினெட்டு வருடம் குதிரை பார்த்தார். தனக்குக் காய்ச்சல் என்றால் கண்டுகொள்ள மாட்டார். ஒரு குதிரைக்கு வயிறு மந்தம் என்றால் அவருக்குச் சோறு இறங்காது. வெந்தயம் ஊறவைத்து, இஞ்சி தட்டி, வல்லாரையைப் பொடியாக நறுக்கித் தவிட்டில் பிசைந்து ஊட்டுவார். முதலாளிக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. குதிரைகள் பளபளவென்று இருந்ததால் சும்மா விட்டிருந்தார். அதே லாயத்தில் அவருக்குக் கீழே வேலை செய்த நானோ, குதிரைக்குப் பத்தியச் சமையல் செய்கிறவர் என்று அவரைக் கிண்டல் செய்வேன். சிரித்துக்கொண்டே நறுக்குவார்.

போன வருடம் குருத்து ஞாயிறன்று அவர் கோயிலுக்குப் போக வேண்டியிருந்தது. ஆற்றோரம் போய் ஒரு கட்டு வல்லாரை அறுத்து ரோசிக்குப் போடும்படி என்னிடம் சொன்னார். ரோசி வயதான பெண்குதிரை, அவருடைய செல்லம். ஆறு வரை நடக்க எனக்குச் சோம்பல். பக்கத்தில் எண்ணெய்க்காக நட்ட செம்பனை மர வரிசையிலேயே வல்லாரை தளதளவென்று கிடந்தது. இரண்டு நாளைக்கு முன்புதான் அங்கே களைக்கொல்லி அடித்தார்கள். அது எனக்குத் தெரியும். சித்தியவான் பக்கம் ஒரு தோட்டத்தில் ஆறு வருடம் முதுகில் பம்பு மாட்டி அதையே அடித்தவன் நான். அடித்த செடி சில நாள் பச்சையாகத்தான் நிற்கும் என்பதும் தெரியும். இடையில் பெய்த மழையில் கழுவிப் போயிருக்கும் என்று என் சௌகரியத்துக்கு நினைத்துக்கொண்டு அறுத்தேன்.

சாயங்காலம் ரோசி எச்சில் ஒழுகக் கீழே விழுந்து புரண்டது. மூன்றாம் நாள் செத்துப்போனது.

முதலாளி மூலிகையைத்தான் குற்றம் சொன்னார். அண்ணனும், கிழட்டு உடம்புக்குத் தான் சொன்ன அளவு அதிகமாகிவிட்டது என்று நம்பிவிட்டார். அன்றைக்கே அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். நான் பக்கத்தில் தீவனத் தொட்டியைத் தேய்த்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறந்தால் என் வேலை போகும். அதனால் திறக்கவில்லை. வெட்கங்கெட்ட பிறவி நான், வேறென்ன சொல்ல.

புறப்படும்போது பையோடு என்னிடம் வந்தார். கண் சிவந்திருந்தது.

“மகேந்திரா, கோயிலுக்குப் போற அவசரத்துல உன் கையால போட வச்சிட்டேன்லா. அந்தப் பாவம் எனக்குத்தான், உனக்கு இல்ல. என்னை மன்னிச்சிரு.”

அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

“பரவால்லண்ணே, விடுங்க,” என்றேன்.

அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. என் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு பஸ் பிடிக்கப் போனார்.