குருவம்மாள் ஏறாத கார்

மூணாறுக்குப் பக்கத்துச் சித்திரபுரத்தில் பொன்ராஜின் அம்பாசிடரில் ஏறாத ஆள் கிடையாது. பிரசவ வலி வந்த பெண்கள் மூன்று பேர் அதில் அடிமாலி ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள். ஒருத்திக்கு ஆஸ்பத்திரி வரைக்கும் பொறுக்கவில்லை. வட்டவடை முட்டைக்கோஸ் மூட்டை மூட்டையாக ஏறியிருக்கிறது. கோயிலுக்கு நேர்ந்துவிட்ட கிடா ஒன்று பின்சீட்டில் நின்றபடி, ஊரை வேடிக்கை பார்த்துக்கொண்டே போயிருக்கிறது. பதினோரு வருடமாக ஏறாத ஒரே ஜீவன் பொன்ராஜின் மனைவி குருவம்மாள்.

பொன்ராஜுக்கு எஸ்டேட் தொழிற்சாலையில் இலை வாட்டும் மாடியில் வேலை. பறித்த கொழுந்தை நீளமான தொட்டிகளில் கம்பி வலைமேல் பரப்பி, அடியிலிருந்து காற்றடித்து வாட்டுகிற இடம் அது. முப்பது வருடம் அந்தக் காற்றாடிகளோடு போட்டி போட்டுப் பேசிப் பேசி, மனிதருக்கு மெதுவாகப் பேசவே வராது. மனைவியிடம் ரகசியம் சொன்னால் எதிர் லைன் வீடுகளில் இருப்பவர்கள் அபிப்பிராயம் சொல்வார்கள்.

கார், ரிட்டயராகிப் போன எஸ்டேட் டாக்டரிடம் வாங்கியது. எண்பத்திரண்டாம் வருட மாடல். நடந்து போகிற யாரைப் பார்த்தாலும் பொன்ராஜின் கால் தானாக பிரேக்கை மிதிக்கும். எதிர்த் திசையில் போகிறவர்களைக்கூட விடமாட்டார். முன்சீட் மட்டும் பக்கத்து வீட்டுப் பாண்டிக்கு. பாண்டி யூனியன்காரர், முன்னால் உட்காருவதைப் பிறப்புரிமையாக நினைப்பவர். பொன்ராஜ் சாவியைக் கையில் எடுத்தால் போதும், அவர் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வந்து நிற்பார்.

குருவம்மாளிடம் ஏன் ஏறவில்லை என்று கேட்டால் ஒரே பதில்தான். "உள்ள கலரு புடிக்கல."

உள்ளே பழுப்பும் சிவப்பும் கலந்த ஒரு நிறம். ஆட்டு ஈரல் நிறம் என்று அவள் சொல்லித்தான் பொன்ராஜுக்கே தெரிந்தது. அன்றிலிருந்து அந்த நிறத்தோடு அவர் நடத்திய யுத்தம் கொஞ்சமல்ல. முதலில் பூப்போட்ட துண்டுகளை வாங்கிச் சீட்டில் விரித்தார். "சவரக்கட மாதிரி இருக்கு" என்றாள். மஞ்சள் உறை தைத்துப் போட்டார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு வருடம் கறுப்பு ஷூ பாலிஷ் ஆறு டப்பா வாங்கி, சீட் முழுக்கத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கினார். அன்றைக்குப் பார்த்து பாண்டி வெள்ளை வேட்டியில் யூனியன் மாநாட்டுக்குப் போனார். மேடையில் அவர் திரும்பி நின்று மாலை வாங்கியபோது கூட்டம் கைதட்டிய தட்டலை இன்றைக்கும் பேசுகிறார்கள். பாண்டி அதைத் தன் பேச்சுக்குக் கிடைத்த கைதட்டல் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்.

இப்படியே போயிருக்கும். ஜூன் மாதம் போடியிலிருந்து மகள் ஆனந்தி போன் செய்தாள். பேரனுக்குக் காதுகுத்து, வருகிற ஞாயிற்றுக்கிழமை.

"அப்பா, இந்தத் தடவையாச்சும் அம்மாவக் கார்ல கூட்டிட்டு வாங்க. போன தடவ நீங்க கார்ல வந்து எறங்குனீக, அம்மா பின்னாடியே பஸ்ஸுல வந்தாக. எங்க அத்த இன்னும் சொல்லிச் சிரிக்கிறாக. சம்பந்தி கார் வச்சிருக்காரு, சம்பந்தியம்மா டிக்கெட் வச்சிருக்காகன்னு."

பொன்ராஜுக்குச் சுருக்கென்றது. சம்பந்தி வீட்டு வாசலில் தானும் குருவம்மாளும் ஒரே வண்டியிலிருந்து இறங்கியே ஆக வேண்டும். துண்டு, உறை, பாலிஷ் எல்லாம் மேல்பூச்சு. நிறத்தையே மாற்றிவிடுவது என்று முடிவெடுத்தார்.

அடிமாலியில் வண்டிகளுக்கு உள்வேலை செய்கிற சாமான் விற்கும் கடை ஒன்று உண்டு. கடைக்காரர் ரிஜின், பொறுமைசாலி. ரெக்சினுக்கென்றே சாயம் இருப்பதை அவர்தான் மலையாளம் கலந்த தமிழில் சொன்னார்.

"சேட்டா, இது சொவத்துக்கு அடிக்கிற போல அடிக்கான் பாடில்ல, கூடாது. ஆத்யம் சோப்பு போட்டு அழுக்கு, எண்ணெ எல்லாம் களையணும். பின்னே மெல்லிசா மூணு கோட்டு. ஓரோ கோட்டும் நல்லா உணங்கணும், காயணும். ரெண்டு நாள் வெயில் வேணும்."

ஜூன் மாதத்தில், மழை விடாத சித்திரபுரத்தில், வெயில். பொன்ராஜ் அதைக் காதில் வாங்காத மாதிரி இருந்துகொண்டார்.

"ஏது கலர்?"

பொன்ராஜ் பையிலிருந்து பிளாஸ்கை எடுத்து, கண்ணாடி கிளாஸில் ஊற்றிக் கடை மேசைமேல் வைத்தார். பால் சேர்க்காத தேயிலைத் தண்ணீர். நல்ல தேயிலை இறங்கும்போது வருகிற அந்தச் செம்பொன் நிறத்துக்கு மேல் உலகத்தில் நிறம் கிடையாது என்பது அவர் கட்சி. குருவம்மாளும் முப்பது வருடம் கொழுந்து கிள்ளியவள்தானே, இது பிடிக்காமலா போகும்?

"இந்தக் கலரு."

ரிஜின் கிளாஸைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். ஒரு வாய் குடித்தும் பார்த்தார். பிறகு டப்பாக்களைத் திறந்து கலக்க ஆரம்பித்தார்.

இதில் ஒரு கோளாறு. தேயிலைத் தண்ணீர் ஆறினால் மங்கிக் கலங்கிவிடும். வாழ்நாளெல்லாம் தேயிலையோடு கிடந்த மனிதருக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் காரில் கிளம்பினால் வழியெல்லாம் ஆள் ஏற்ற நிற்க வேண்டிவரும் என்று அன்றைக்கு பஸ்ஸில் வந்தவர், கூட வந்த பாதிப் பேரிடம் சாயம் அடிக்கப்போகிற கதையைச் சொல்லி, ஆளுக்குக் கொஞ்சம் ஊற்றிக் காட்டிக்கொண்டு வந்ததில் பிளாஸ்க் திறந்தே கிடந்தது. ரிஜின் நேர்மையானவர். கிளாஸில் என்ன இருந்ததோ அதையே டப்பாவில் கொண்டுவந்தார்.

செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு வேலையைத் தொடங்கினார். சீட்டுகளைக் கழற்றி லைன் வீட்டு முன்னால் தார்ப்பாயைக் கட்டி அடுக்கினார். உட்காருகிற மெத்தை இரண்டு, சாய்கிற மெத்தை இரண்டு. சோப்பு நுரையில் பதினோரு வருட ஊர் கழுவிக்கொண்டு வந்தது. கிடாவின் மயிர்கூட இருந்தது. டாஷ்போர்டுக்கும் கதவுகளின் உட்பக்கத்துக்கும் காரிலேயே அடித்தார். முதல் கோட்டு முடிந்ததும் குருவம்மாள் கையில் குடத்தோடு வந்து நின்று பார்த்தாள்.

"ஆறுன டீத்தண்ணி மாதிரி இருக்கு" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "ம்" என்றாள்.

அந்த 'ம்' பொன்ராஜுக்குப் போதும். பதினோரு வருடத்தில் அந்தக் காரைப் பார்த்து அவள் 'ம்' சொன்னதே இல்லை. இரண்டாம் கோட்டும் மூன்றாம் கோட்டும் ரிஜின் சொன்னபடி மெல்லிசாகத்தான் அடிக்க நினைத்தார். சந்தோஷத்தில் கை கனத்துவிட்டது.

புதன்கிழமை காயவில்லை. வியாழக்கிழமை மூடுபனி லைனுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது, அன்றும் காயவில்லை. வருகிறவன் போகிறவன் எல்லாம் "காஞ்சிருச்சாண்ணே?" என்று ஒரு விரலை வைத்துப் பார்த்தான். கேட்டுவிட்டுத் தொடலாம், தொட்டுவிட்டுத்தான் கேட்டார்கள். வெள்ளிக்கிழமை பார்த்தால் லைனில் இருந்த அத்தனை பேரின் கைரேகையும் சீட்டில் இருந்தது. அதன் மேல் இன்னொரு கோட்டு அடித்தார்.

சனிக்கிழமை காலை விரலை வைத்தார். விரலோடு சாயமும் வந்தது.

அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. ஈரத்தை விரட்டுவதுதானே முப்பது வருடமாகத் தன் தொழில்? மழைக்காலத்தில் தொட்டிகளுக்கு அடியில் சூடான காற்றுத்தானே விடுகிறோம்? நான்கு மெத்தைகளையும் இலை ஏற்றும் டிராக்டரில், கொழுந்து மூட்டைகளோடு மூட்டையாகத் தொழிற்சாலைக்கு அனுப்பினார். சூப்பர்வைசர் ஜின்சன் முதலில் கையை விரித்தார்.

"பொன்ராஜே, பெயிண்ட் மணம் எலையில பிடிச்சா என் ஜோலி போகும்."

"கடைசித் தொட்டி காலியாத்தான சார் கெடக்கு. காத்து வெளிய போற பக்கம். ரெண்டே மணி நேரம்."

அந்த மூன்று பிரசவங்களில் ஒன்று ஜின்சன் வீட்டுப் பிரசவம். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

சூடான காற்று அடித்தது. ஒரு மணி நேரத்தில் ஓரமெல்லாம் காய ஆரம்பித்தது. பொன்ராஜுக்கு ஆனந்தம் தாங்கவில்லை. தொட்டி ஓரமாக நடந்தார். இப்படி நடந்தால் அந்தக் கைகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. வாட்டுகிற இலையை நடுவில் ஒருமுறை புரட்டிப் போட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பக்கம் சுருங்கி மறுபக்கம் பச்சையாகவே நிற்கும். பக்கத்துத் தொட்டியில் இலையைப் புரட்டினார். அதே வேகத்தில் இந்தத் தொட்டிக்கு வந்து, நான்கு மெத்தைகளையும் கம்பி வலைமேல் குப்புறப் புரட்டிப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

திரும்பி வந்து தூக்கியபோது சர்ரென்று ஒரு சத்தம் வந்தது. சீட்டு முழுக்கச் சின்னச் சின்னக் கட்டமாகக் கம்பி வலை பதிந்திருந்தது. போதாக்குறைக்கு, காற்றில் பறந்த தேயிலைப் பஞ்சு, தூசி, காம்புத் துணுக்கு எல்லாம் ஈரச் சாயத்தில் வந்து ஒட்டி, அதற்கு மேல் நன்றாகக் காய்ந்தும்விட்டது. தடவினால் நாய்க்குட்டி மாதிரி இருந்தது. ஜின்சன் வந்து பார்த்தார். சிரிக்கக் கூடாது என்று எவ்வளவோ முயற்சி செய்தார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பொன்ராஜ் மெத்தைகளைக் காரில் மாட்டினார். குருவம்மாள் அரக்குப் பட்டுப்புடவையில், பேரனுக்கு வாங்கிய கடுக்கன் டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு.

பொன்ராஜுக்கு அழுகை வந்தது. பதினோரு வருடம் பாடுபட்டு, கடைசியில் சல்லடைக்கு மயிர் முளைத்த மாதிரி ஒரு சீட். இதில் பட்டுப்புடவையோடு யாரை உட்காரச் சொல்வது?

"சரி விடு புள்ள. நீ பஸ்ஸுலயே போயிரு. ஆறரைக்கு மூணாறு பஸ் இருக்கு" என்றார். அவரால் முடிந்த அளவு மெதுவாகச் சொன்னார். எதிர் லைனில் இரண்டு ஜன்னல் திறந்தது.

குருவம்மாளின் சிரிப்பு நின்றுவிட்டது.

"இன்னைக்கும் பஸ்ஸுதானா?"

"கலரு புடிக்கலன்னு நீதான சொல்லுவ?"

"சொன்னேன். பின்ன என்னத்தச் சொல்ல? கார் வந்த அன்னைக்கு பாண்டி அண்ணன ஏறுன்னீக. டீக்கடைக்காரர ஏறுன்னீக. ரோட்டுல போன தபால்காரர நிப்பாட்டி ஏறுன்னீக. நான் ஆரத்தித் தட்டோட நிக்கிறேன், வண்டி போயிருச்சு. எனக்கு ஏறுன்னு ஒரு வார்த்த சொன்னீகளா? அன்னைக்குத்தான் இல்ல. இந்தப் பதினோரு வருசத்துல?"

"வீட்டு ஆளுக்கு எதுக்குப் புள்ள சொல்லணும்? உன் வண்டிதான அது?"

"என் வண்டின்னா ஒரு நாளாச்சும் எனக்கு எடம் மிச்சம் இருந்திருக்கும்ல?"

பொன்ராஜ் யோசித்துப் பார்த்தார். 'கலரு எப்படி' என்று கேட்டிருக்கிறார். 'இப்பப் பாரு' என்றிருக்கிறார். 'இன்னும் என்னதான் வேணும் உனக்கு' என்று கத்தியிருக்கிறார். ஊருக்கே சொன்ன அந்த ஒரு வார்த்தையை இவளிடம் சொன்னதாக எவ்வளவு தேடியும் ஞாபகம் வரவில்லை. வெட்கமாக இருந்தது.

"ஏறு குருவம்மா" என்றார்.

உணர்ச்சி வேகத்தில் குரல் காற்றாடி அளவுக்கு ஏறிவிட்டது. லைன் முழுக்கக் கேட்டது. கேட்டவர்கள் வழக்கம்போல வந்தார்கள். பாண்டி குடையோடு ஓடிவந்து முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டார். அவர் மனைவி செல்வலட்சுமி, வழியில் பூப்பாறையில் அக்கா வீட்டில் இறங்கிக்கொள்வதாகச் சொல்லி, ஒரு கோழியோடு பின்னால் ஏறினாள். இன்னும் இரண்டு பேர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

குருவம்மாள் கார் பக்கம் பார்க்கவில்லை. கடுக்கன் டப்பாவை இடுப்பில் செருகிக்கொண்டு, பஸ் நிற்கிற திசையில் இரண்டு எட்டு வைத்தாள்.

"எறங்குங்க" என்றார் பொன்ராஜ்.

அந்த வார்த்தை அந்த வாயிலிருந்து வருவது அதுதான் முதல் தடவை. பாண்டிக்குப் புரியவே இல்லை.

"யாரு மச்சான்?"

"நீதான் மாப்ள. எல்லாரும்தான். கோழியும்தான். இன்னைக்கு அவ மட்டுந்தான்."

பாண்டி இறங்கினார். வேட்டியின் பின்பக்கம் தேயிலைப் பஞ்சு கொத்தாக ஒட்டியிருந்தது. யாரும் அவரிடம் அதைச் சொல்லவில்லை. எல்லாருடைய கண்ணும் குருவம்மாள் மேல் இருந்தது. அவள் திரும்பி வந்தாள். பட்டுப்புடவையை ஒதுக்கவில்லை, சீட்டைத் தட்டிவிடவும் இல்லை. ஏறி முன்சீட்டில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, கதவை இழுத்தாள். அது மூடிக்கொள்ளவில்லை. இன்னொரு தடவை ஓங்கி இழுத்தாள். அப்போதும் மூடிக்கொள்ளவில்லை.

"கொஞ்சம் தூக்கி இழுக்கணும் தங்கச்சி" என்றார் வெளியே நின்ற பாண்டி.

அந்தக் கதவைத் தூக்கித்தான் இழுக்க வேண்டும் என்பது சித்திரபுரத்தில் எல்லாருக்கும் தெரியும், சின்னப் பிள்ளைகளுக்குக்கூட. டிரைவர் சீட்டில் ஏறியிருந்த பொன்ராஜ் குனிந்து ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். குருவம்மாள் கதவைத் தூக்கி இழுத்துச் சாத்தினாள்.

"ம், போங்க" என்றாள்.