வாய்க்காலுக்குள் போட்ட பந்தல்

தொண்ணூறுகளில் எங்கள் வாய்க்காலுக்கு ஒரு பாசனச் சங்கம் அமைத்தார்கள். தாமிரபரணித் தண்ணீரை எல்லோரும் சமமாகப் பங்கிட்டுக்கொள்ள வேண்டுமாம். வாய்க்கால் தொடங்கும் இடத்தில் வயல் வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர் தலைவரானார். தண்ணீரைப் பற்றி அவருக்குத்தான் அனுபவம் அதிகம். முக்கால்வாசியை அவர் வயல்தான் குடித்துக்கொண்டிருந்தது. பெண் உறுப்பினர் ஒருத்தி வேண்டும் என்று விதி இருந்ததால் பள்ளிக்கூட டீச்சரான என்னைச் சேர்த்தார்கள். வாய்க்கால் முடிகிற கடைமடையில் எங்களுக்குக் கொஞ்சம் வயல் உண்டு. சங்கத்தில் என் பொறுப்பு, குத்துவிளக்குக்குத் திரி போடுவது.

தொடக்க விழாவுக்குச் சென்னையிலிருந்து பெரிய அதிகாரி வருவதாகச் சொன்னார்கள். கடைமடையிலேயே விழா நடக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். அங்கே வயல்களில் நட்ட பிசானப் பருவ நெல் வாடி நின்றது. பந்தல் போடத் தோதாக, அகன்று காய்ந்து கிடந்தது வாய்க்கால் மட்டும்தான்.

"அண்ணாச்சி, தண்ணி வந்துட்டா என்ன செய்ய?" என்று கேட்டேன்.

"அங்கன என்னைக்கு டீச்சர் தண்ணி வந்திருக்கு?" என்று சிரித்தார் தலைவர். சங்கத்தில் அவர் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

விழாவன்று காலை, அதிகாரி வாய்க்கால் தொடங்கும் தலைமடைக்குப் போய் ஷட்டரைத் திறந்து வைத்தார். அவர் பார்வைக்காகத் தலைவர் தம் வயல் மடைகளை எல்லாம் அடைத்து வைத்திருந்தார். ஜீப் கிளம்பியதும் திரும்பத் திறந்துவிட ஆள் வைத்திருந்தார். அந்த ஆட்களோ, பந்தலில் கேசரி போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஜீப்புக்கு முன்னால் வந்து சேர்ந்துவிட்டார்கள்.

தலைவர் மைக்கைப் பிடித்து, "கடைசி வயல் வரைக்கும் தண்ணீர் போய்ச் சேருவதே எங்கள் லட்சியம்" என்று முழங்கிக்கொண்டிருந்தபோது அது போய்ச் சேர்ந்தது. முதலில் ஜமக்காளம் நனைந்தது. அதிகாரி காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டார். பிறகு நாற்காலியே நகர ஆரம்பித்தது.

"ஏலே, தண்ணிய அடைங்கலே! ஓடுங்கலே!" மைக் இன்னும் வேலை செய்துகொண்டிருந்ததால் ஊர் முழுக்கக் கேட்டது.

பக்கத்து வயல்காரி, கணவனை இழந்து தனியாக விவசாயம் பார்க்கிற அக்கா, முழங்கால் தண்ணீரில் எழுந்து நின்றாள். "எதுக்கு அடைக்கணும் அண்ணாச்சி? நீங்க பேசுங்க. தண்ணி பாட்டுக்கு வயலுக்குப் போவுது."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அதிகாரியும் சிரித்துவிட்டார். பேன்ட்டைப் பிழிந்துகொண்டே, "நான் ஊரைவிட்டுக் கிளம்பும்வரை யாரும் ஷட்டரையோ மடைகளையோ தொடக் கூடாது" என்று சொன்னார். அவர் அன்று பயணியர் விடுதியில் தங்கினார். அக்காவும் நாங்களும் சோற்றுத் தூக்கோடு போய்த் தலைமடையில் உட்கார்ந்துகொண்டோம். தலைவர் அந்தப் பக்கம் வந்தார். எங்களைப் பார்த்ததும் கோவிலுக்குப் போகிறவர்போல் கும்பிட்டபடி நடந்துவிட்டார்.

மறுநாள் அதிகாரி போன கையோடு தலைவர் வயல் மடைகள் திறந்துகொண்டன; கடைமடைக்குத் தண்ணீர் நின்றது. ஆனால் ஈரம் பிடித்துவிட்டது. பின்னால் மழையும் கொஞ்சம் கைகொடுக்க, எங்கள் நெல் பிழைத்தது. கடைமடையில் விளைந்ததைக் காட்டித் தலைவர் சிறந்த சங்கத்துக்கான கேடயம் வாங்கினார். பரிசளிப்பு விழாவைத் திருநெல்வேலியில், ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் வைத்தார்கள்.